அலாரத்துக்குப் பசிக்காது

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா,

முழுக்கப் படிக்கும் வரை இதை அழிக்காதே. படித்து முடித்த பிறகு தாராளமாகக் கோபத்தைத் தொடரலாம்.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், "அக்கா" என்றதுமே வைத்துவிட்டாய். டாக்டர்கள் பல்செட் ஆர்டர் அனுப்பும் இந்த மெயில் முகவரியை மட்டும் தடுக்க மறந்துவிட்டாய். அதனால்தான் இதில் வருகிறேன்.

உன் அலமாரி மேல் என் பழைய லேப்டாப் இருக்கிறதே, அதை ஆன் பண்ணாதே. யாரையும் பண்ண விடாதே. ஆன் பண்ணினால் உன் வீடு போய்விடும்.

விளையாட்டில்லை. குடியிருப்புச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரல் ஞாபகம் இருக்கும். பழைய செயலாளர் காலி வீட்டையெல்லாம் மச்சானுக்கும் மச்சினிக்கும் தூக்கிக் கொடுத்த கூத்துக்குப் பிறகு, இனி மனிதர்கள் கையில் இந்த அதிகாரமே வேண்டாம் என்று நாற்பது வீட்டுக்காரர்களும் முடிவு செய்தீர்கள். வீட்டில் குடியிருப்பவர்கள் அவ்வப்போது "இருக்கிறேன்" பொத்தானை அழுத்த வேண்டும். மாதம் ஒருமுறை கான்ட்ராக்ட் எல்லா வீட்டையும் சரிபார்க்கும். மூன்று மாதம் தாண்டியும் ஒரு வீட்டிலிருந்து சத்தமே இல்லையென்றால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர் பெயருக்கு அந்த வீட்டை மாற்றிவிடும். வாசல் பூட்டுகளும் அதன் பேச்சைத்தான் கேட்கும். பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிட்ட பிறகு அதில் ஒரு எழுத்தை யாராலும் மாற்ற முடியாது, எழுதிய என்னாலும் முடியாது. அன்று கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கான்ட்ராக்ட் தானாக எழுந்திருக்காது. அதற்குள் கடிகாரம் கிடையாது. வெளியிலிருந்து யாராவது தட்டினால்தான் விழித்து வேலை பார்க்கும். உன் அலமாரி மேல் இருந்த லேப்டாப்தான் மாதாமாதம் தட்டிக்கொண்டிருந்தது. உனக்குத் தொல்லை வேண்டாமே என்று உன் வீட்டுப் பொத்தானை அழுத்தும் வேலையையும் அதனிடமே கொடுத்திருந்தேன்.

அக்டோபர் சண்டைக்குப் பிறகு நீ அதை அணைத்துவிட்டாய் போலிருக்கிறது. அன்றிலிருந்து யாரும் தட்டவில்லை, கான்ட்ராக்ட் தூங்குகிறது. மற்றவர்கள் தங்கள் போனில் அழுத்தியபடி இருக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து மட்டும் நாலு மாதமாக ஒன்றும் இல்லை. இப்போது யார் ஒருமுறை தட்டினாலும் வீடு கைமாறிவிடும். லேப்டாப்பை ஆன் பண்ணினால் அது முதலில் தட்டும், பிறகுதான் உனக்காக அழுத்தும். அந்த வரிசையில் எழுதி வைத்த புத்திசாலி நான்தான். மாதம் தவறாமல் ஓடுகிற வரை எது முதலில் என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியே இல்லை, அதனால்தான் நேற்று அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அக்டோபருக்குப் பிறகு உன் வீட்டு வரிசையில் ஒன்றுமே இல்லை. உனக்கு என்ன ஆயிற்றோ என்று, உனக்கு ஆர்டர் தரும் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். "உங்க அக்கா நேத்துதான் ரெண்டு செட் பல் அனுப்பினாங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் வீடு ஞாபகத்துக்கு வந்தது.

பதில் போடு.

தம்பி

*

பிப்ரவரி 12, புதன்

யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இதை என் தம்பி எழுதினானா, அவன் வைத்துவிட்டுப் போன அலாரம் எழுதியதா?

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. லீவில் வந்தவன் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய். என் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் உன்னிடமிருந்து: "சாப்பிட்டியா அக்கா?" உன் ஒரு கை தட்டில், இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர்.

மூன்று வருடம் ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு வரும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தவள் நான். பல்செட்டுக்கான மெழுகு அடுப்பில் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டேன்டா, நீ?" என்று பதில் போடுவேன். பார்த்தால் இத்தனை நாளும் ஒரு மெஷினிடம் குசலம் விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதனால் உன் கடிதத்தை நான் எப்படி நம்புவது? அன்றைக்கு உன்னைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிவிடும்போது நான் சொன்னது என்ன? அதை எழுது. வேறு யாருக்கும் தெரியாது. எழுதினால் மேலே பேசுவோம்.

இன்னொன்று. லேப்டாப் அலமாரி மேல் இல்லை. போன வாரம் மொட்டைமாடி அறையில் இருக்கும் நர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஏதோ தேர்வுக்குப் படிக்கிறாள், போன் திரையை உற்றுப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலைவலி. இன்னும் ஆன் பண்ணவில்லை. சார்ஜர் எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காத்திருப்போர் பட்டியலில் முதலில் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளும் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனும்தான். மாமியாரோடு மூன்று பேர், தகரக் கூரை போட்ட ஒரே அறையில்.

வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம். சரிபார்ப்பு ஏன் மாதக்கணக்கில் வரவில்லை என்று மூன்றாம் மாடிப் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எப்படி ஓட்டுவது என்று படித்துத் தெரிந்துகொண்டாராம், எல்லார் முன்னாலும் தானே ஓட்டிக் காட்டப் போகிறாராம். நீ சொல்வது நிஜமென்றால் எனக்கு அதுவரைதான் நேரம்.

நிஜமா?

*

பிப்ரவரி 13, வியாழன்

அக்கா,

நீ கத்தவில்லை. போனைத் தலைகுப்புற மேஜையில் வைத்தாய். பாதி சாப்பாட்டோடு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாய். முதுகைக் காட்டியபடியே, "அலாரத்துக்குப் பசிக்காது, எழுந்திரு" என்றாய். கழுவுமிடத்தில் நீ நின்றதால் கையைக்கூடக் கழுவாமல், காய்ந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ கூப்பிடாமல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று வீறாப்பாக வேறு சொன்னேன்.

நிஜம்தான் அக்கா. எல்லாமே நிஜம்.

நர்ஸ் வீட்டில் லேப்டாப் என்று படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே மேலே போய்த் திருப்பி வாங்கி வா. பழைய போட்டோ இருக்கிறது, எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே, அவளிடம் சொல்லவே சொல்லாதே. நல்லவளாகவே இருக்கட்டும். சட்டப்படி தனக்குச் சேர வேண்டிய வீடு ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாரையும் சோதிக்கக் கூடாது. மனிதர்களை நம்பி நாசமானதால்தானே இதை எழுதச் சொன்னீர்கள்.

வாங்கியதும் கட்டடத்துக்குள் ஆன் பண்ணாதே. நம் வைஃபை அதற்குப் பழக்கம், எழுந்ததும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதும் தட்டிவிடும். அணைத்தபடியே சார்ஜ் ஏற்றி, நாலு தெரு தள்ளி எடுத்துப் போ. ஆன் பண்ணு. திரையின் கீழே மஞ்சள் மணி ஒன்று இருக்கும், அதை அழுத்தி "நிறுத்து" என்று கொடு. அதுதான் தட்டுகிற நிரல். மணி சாம்பல் நிறமானதை இரண்டு முறை பார்த்துக்கொள். அதன் பிறகு உன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து "இருக்கிறேன்" பொத்தானை அழுத்து. அழுத்திவிட்டால் பேராசிரியர் எத்தனை தடவை தட்டினாலும் பயமில்லை. உன் வீட்டுக்கான ரகசியச் சாவி அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதனால் இங்கிருந்து என்னால் ஒன்றுமே செய்ய முடியாது.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும் ஞாயிற்றுக்குள் வந்து சேர முடியாது.

அந்தச் செய்தி பற்றி. இங்கே எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், நாள் கிழமை தெரியாது. ஒரு ஞாயிறு உன்னை மறந்துவிட்டேன், திங்கள் மதியம்தான் ஞாபகம் வந்தது. எனக்கே என் மேல் பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அலாரம் வைத்தேன். இதை அன்றே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

*

பிப்ரவரி 14, வெள்ளி

தம்பி,

நீதான். அந்த மட்டுக்கும் நிம்மதி.

மேலே போனேன். போட்டோ கதையைப் படியேறும்போதே இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். நர்ஸ் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கூரை கொதிக்கிறது, மாமியார் ஒரு பக்கம் விசிறிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தாள். லேப்டாப் துணி போர்த்தி ஜன்னலோரம் இருந்தது. பக்கத்தில் புது நோட்டு. "அக்கா, சார்ஜருக்கு நீங்க அலைய வேண்டாம். அவருக்குத் தெரிஞ்ச கடையில பழசு ஒண்ணு கெடைச்சிருக்கு, சாயங்காலம் கொண்டு வராரு" என்றாள்.

சாயங்காலம்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தான், தட்டுவது, பட்டியல், அவள் பெயர் முதலில் இருப்பது வரை. நடுவில் நிறுத்தத் தெரியவில்லை.

அவள் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதை ஆன் பண்ணா உங்க வீடு எனக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றேன். "நீங்க கீழ போங்க அக்கா. நான் யோசிக்கணும்" என்றாள். மாமியார் விசிறுவதை நிறுத்திவிட்டார்.

நான் வெறுங்கையோடு இறங்கி வந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்த பொருளை அவள் மடியிலிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது மணி ஏழு. புருஷன் படியேறிப் போகிற சத்தம் கேட்டது, தோளில் பை. அவசரமாக முடிக்க வேண்டிய செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்து வார்த்துவிட்டேன். இந்த வீட்டில் அவர்கள் மூன்று பேரும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு எண்ணம் வருகிறது, அடுத்த நிமிஷமே என் பட்டறையை எங்கே தூக்கிக்கொண்டு போவேன் என்று இன்னொரு எண்ணம். எனக்கு உன் மேல் கோபம், என் மேல் கோபம், பாவம் அந்தப் பெண் மேலும் கோபம்.

*

பிப்ரவரி 15, சனி

அக்கா,

ஏன் சொன்னாய்? சொல்லாதே என்று அத்தனை அழுத்தி எழுதினேனே. ஒரு சின்னப் பொய், அதுவும் ஒரு நாளைக்கு.

வேலையில் இருக்கும்போதும் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் தட்டவில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தடவை முறைத்துவிட்டுப் போனார்.

சாப்பிடும்போது பார்த்தேன். தட்டவில்லை.

ஒரு புது வரி வந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் "இருக்கிறேன்" அழுத்தியிருக்கிறார். சந்தோஷமாக இருக்கட்டும்.

அவள் நினைத்தால் நேற்றே முடித்திருக்கலாம். சார்ஜர் வந்துவிட்டது, வைஃபை இருக்கிறது. ஏன் இன்னும் செய்யவில்லை? எனக்குப் புரியவில்லை. மறுபடி மேலே போய்க் கேட்காதே, அவசரப்படுத்தினால் அழுத்திவிடுவாள். போய்க் கேட்டுத்தான் பாரேன். இல்லை, வேண்டாம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை அக்கா. இதற்கெல்லாம் நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

*

பிப்ரவரி 16, ஞாயிறு

தம்பி,

நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் சொல்கிறேன், உன் பக்கத்தில் பாதிதான் தெரியும்.

நர்ஸ் காலையில் கதவைத் தட்டினாள். கண் வீங்கியிருந்தது. ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் அந்தப் பழைய சார்ஜர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா. தெரியாம கெடைச்சிருந்தா சந்தோஷமா குடி வந்திருப்பேன். இப்ப தெரிஞ்சுபோச்சே" என்றாள். "ரெண்டு நாளா நாங்க ரெண்டு பேரும் சண்டை. அவரு அழுத்துன்னாரு, நான் வேண்டாம்னேன். அப்புறம் நான் அழுத்தலாம்னேன், அவரு வேண்டாம்னாரு. அத்தைதான் ரெண்டு பேரையும் திட்டிட்டு, துணியோட சுத்தி என் கையில குடுத்து கீழ அனுப்பினாங்க."

எனக்கு மஞ்சள் மணி எது, மற்றது எது என்று தெரியாதே. அணைத்தபடியே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலு தெரு தள்ளி, பஸ் ஸ்டாப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மணியை அவள்தான் கண்டுபிடித்து நிறுத்தினாள், சாம்பல் நிறமாகிவிட்டதா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். "இருக்கிறேன்" பொத்தான் வந்ததும் அவளைப் பார்த்தேன். "அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை என்று கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் பேராசிரியர் தட்டினார். நாற்பது வீடும் பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள், அன்றைக்கு உனக்குத் தட்டினார்களே அதே மாதிரி. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரே களேபரம். நாலு மாதம் தாண்டியது தாண்டியதுதானே, வீடு நியாயப்படி அவர்களுக்குத்தான் என்று ஒருவர் எகிறினார். அவர்கள் என்றதும் எல்லோரும் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து, "ஆள் இருக்காங்களான்னு கேக்கத்தானே அந்தப் பொத்தான்? நான் தினமும் பார்க்கிறேன், அவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எகிறியவரும் உட்கார்ந்துவிட்டார். இனி தட்டுகிற வேலை மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பொத்தான் அழுத்தாமல் இருந்தால் முதலில் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம்.

லேப்டாப் இப்போது என் பட்டறை அறையில் இருக்கிறது. சாயங்காலம் வந்து அவள் அங்கே படிக்கிறாள், நைட் டியூட்டி முடிந்தால் அங்கேயே தூங்கச் சொல்லியிருக்கிறேன். வீடு அவளுக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் பொத்தானை இனி நானே அழுத்திக்கொள்கிறேன். உன் நம்பரையும் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அலாரம் எனக்கு வேண்டாம்.

அக்கா

*

பிப்ரவரி 24, திங்கள்

தம்பி,

நேற்று ஒன்பது மணிக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அலாரம் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டரைக்கே மெழுகை இறக்கி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது போயிற்று, பத்து போயிற்று. மானத்தை விட்டு நானே கூப்பிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது. நேற்று முழுக்க அப்படியே, இன்றைக்கும் அப்படியே.

போன கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. படித்தாயா இல்லையா? கோபமா, உடம்பு சரியில்லையா, அந்த மேற்பார்வையாளரோடு ஏதாவது தகராறா? அங்கே உன்னைத் தினமும் பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா? நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது நேற்றுத்தான் உறைத்தது. இத்தனை வருடம் "சாப்பிட்டேன்டா, நீ?" என்று கேட்டதோடு சரி.

நர்ஸ்தான் தைரியம் சொல்கிறாள். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அலாரமே அனுப்பினாலும் பரவாயில்லை. இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

*

பிப்ரவரி 25, செவ்வாய்

அக்கா,

லீவு கிடைத்துவிட்டது. எல்லாம் நேரில் சொல்லலாம் என்றுதான் போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை. சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன், வழியில் போன் செத்துவிட்டது. இப்போதுதான் உயிர் கொடுத்தேன், உன் கடிதம் வந்து விழுந்தது. பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள்.

போன் சாவதற்கு முன்னால் உனக்கு ஒரு செய்தி அடித்தேன். அடித்துவிட்டு அனுப்பவில்லை. ஒன்பது மணிக்கு அனுப்பினால் அலாரம் என்று நினைப்பாய், ஒன்பதே காலுக்கு அனுப்பினால் ஒன்பதே காலுக்கு அலாரம் வைத்திருக்கிறான் என்று நினைப்பாய். எத்தனை மணிக்கு அனுப்பினால் நான் என்று நம்புவாய் எனத் தெரியவில்லை. அதனால் அழித்துவிட்டேன்.

கீழே வாசலில் நிற்கிறேன். கூப்பிடாமல் மிதிக்க மாட்டேன் என்று சொன்ன அதே வாசல். நீ இன்னும் கூப்பிடவில்லைதான். பூட்டு எனக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, நான் இங்கே குடியிருப்பவன் இல்லையாம். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். மணி அடித்தேன், போன் போட்டேன், கதவையும் தட்டிப் பார்த்தேன். உன் பாலிஷ் மெஷின் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, அதில் உனக்கு எதுவும் கேட்டிருக்காது. மெஷினை நிறுத்தியதும் ஆர்டர் வந்திருக்கிறதா என்று மெயிலைத்தான் முதலில் பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

இறங்கி வந்து கதவைத் திற அக்கா. பசிக்குது.